அசல் அத்தாப்பு

மலேசியாவில் மந்தின் என்ற ஊரின் காலைச் சந்தையில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. கொய்யாமரத்துத் தோட்டம் என்ற பழைய ரப்பர் எஸ்டேட்டில் நூற்றிருபது வருஷத்து அத்தாப்பு வீடு ஒன்று இருக்கிறதாம். ரும்பியாப் பனையின் ஓலையை மடித்துத் தைத்து வேய்ந்த கூரையாம். ஜப்பான்காரன் வந்தபோதுகூட அசையவில்லையாம். அதற்குள் குடியிருக்கும் கிழவனும் கிழவியும் இன்றுவரை கரண்டைத் தொட்டதில்லையாம். விறகடுப்பில்தான் சமையல். காலை வேளையில் கூரை முழுக்கப் புகை கசியுமாம், பார்த்தாலே கண்ணில் நீர் வந்துவிடுமாம். நீர் வருவது பக்தியாலா புகையாலா என்பதில் மட்டும் மீன்கடைக்காரருக்கும் கோழிக்கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

விசாரித்துவிடலாம் என்று போய்ப் பார்த்தால், வீடு இருந்தது உண்மை. கூரை அத்தாப்பு என்பதும் உண்மை. நூற்றிருபது வருஷம் என்ற கணக்கில் மட்டும் நூற்றுப்பத்தொன்பதரை வருஷத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கிழவி என்று சொல்லப்பட்டவர் பஞ்சாலை. செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் தலைமைச் சமையல்காரர். உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கம்பெனி வேனில் போய்வருகிறவர். கிழவி என்ற சொல்லை அவர் எதிரில் பயன்படுத்தியவர்கள் இரண்டாம் தடவை பயன்படுத்தியதில்லை. கிழவன் என்று சொல்லப்பட்டவர் அவர் கணவர் மணியம். அவர் கரண்டைத் தொடவில்லை என்பது ஒருவகையில் சரிதான். கரண்டுதான் அவரை இரண்டு தடவை தொட்டிருக்கிறது.

அந்தக் கூரை ஏறிய கதையைச் சொல்லுமுன் மணியத்தின் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவிடு இல்லை. மந்தின் வட்டாரத்துப் புல்வெட்டி மிஷின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். தெருக்கோடியில் ஓடுகிற மிஷினின் சத்தத்தை வைத்தே கார்புரேட்டரில் என்ன சீக்கு என்று சொல்லிவிடுகிற காது அது. மலாயும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். தொல்லை என்னவென்றால், அந்தக் காதுக்குள், தோட்டத்துக் கங்காணி மாதிரி, ஒரு மண்டோர் உட்கார்ந்திருக்கிறார். வந்து நிற்கிற ஒவ்வொரு மலாய்ச் சொல்லையும் ஏற இறங்கப் பார்த்து, ஜாடை கொஞ்சம் ஒத்துப்போனாலும் போதும், "நம்ம ஆளு" என்று தமிழ் வரிசையில் நிறுத்திவிடுவார்.

பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கச் சிரம்பானுக்குப் போனார் மணியம். கவுண்டரில் இருந்தவர் "நாமா அப்பா?" என்றார். பெயர் என்ன என்று கேட்கிறார். மலாயில் அப்பா என்றால் 'என்ன'. பையனின் காது மண்டோர் விடுவாரா? அப்பா பெயரைக் கேட்கிறார்கள் என்று "பெரியண்ணன்" என்றான் பையன். அடுத்ததாகத் தகப்பன் பெயரை முறைப்படி கேட்டார்கள். அதற்கும் பெரியண்ணன். அன்றிலிருந்து அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் பெரியண்ணன் மகன் பெரியண்ணன். மணியம் என்றொருவர் இந்த நாட்டில் பிறக்கவே இல்லை. "அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் வரி கேட்டு ஒருத்தனும் வரல" என்று அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

வாலிபத்தில் லோரி லைசென்ஸ் எடுக்கப் போனார். உள்ளே கோப்பைத் தேடப் போன பெண் "நந்தி யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. மணியத்துக்குக் கேட்டது "நன்றிய்யா." ஆபீசில் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோய், ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்துவிட்டார். விஷயம் புரிவதற்குள் லோரி முதலாளி வேறு ஆளைப் பிடித்துவிட்டார். மணியம் லோரிக்காரர் ஆகாமல் புல்வெட்டி மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

பட்டறை வைக்க அவருக்குக் கிடைத்த இடம் தோட்டத்தின் பழைய ஆயாக்கொட்டாய். தாய்மார்கள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனதும் கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்வதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. வைரம் பாய்ந்த செங்கால் என்ற மரத்தில் தூண்கள், பலகைச் சுவர், தொட்டில் கட்டக் கூரைச் சட்டத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள், மேலே கெட்டியான தகரம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது இந்தக் கட்டடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. தொட்டில் தொங்கிய வளையங்களில் புல்வெட்டிகள் தொங்கின.

தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி வீடு கட்டி விற்கிற கம்பெனி. மணியத்துக்கு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள்.

"லிஃப்ட்டு இருக்குல்ல, போவோம்" என்றார் பஞ்சாலை.

"நீ போவ. மிஷினத் தூக்கிக்கிட்டு எவன் வருவான்? அஞ்சாவது மாடியில புல்லு மொளைக்குமா?"

பட்டறை போனால் மணியத்துக்கு வருமானம் மட்டும் போகாது. காலையில் பஞ்சாலையை வேன் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வேன் வருகிறதா என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் மிச்ச வாழ்நாளுக்கு உத்தியோகம். 

தப்பிக்க ஒரே வழி இருந்தது. பழைய கட்டடங்களைப் பார்த்துப் பதிவு செய்கிற அதிகாரி ஒருவர், புவான் நோராய்னி என்ற மலாய் அம்மாள், ஆயாக்கொட்டாயைக் கேள்விப்பட்டு வந்தார். அவர் இதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று எழுதிவிட்டால், வரப்போகும் பூங்காவின் மூலையில் அப்படியே விட்டுவிடுகிறோம், பட்டறையும் அங்கேயே இருக்கட்டும் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தூணைத் தட்டினார், வளையத்தைத் தொட்டார், ஏணி வைத்து ஏறிக் கூரையின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, விரலை மேலே நீட்டி, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "அத்தாப் அசால் மெஸ்தி அடா. பாரு போலே சிம்பான்."

மணியத்தின் காது மண்டோருக்கு அன்று வேலையே இல்லை. அத்தாப், அசால் இரண்டு சொல்லும் ஏற்கெனவே நம்ம ஆட்களாக இருந்தன. அசல் அத்தாப்பு கண்டிப்பாக இருக்கணும். அப்போதுதான் கட்டடத்தை வைத்துக் காப்பாற்ற முடியும்.

அன்று சாயங்காலம் பஞ்சாலை வேனிலிருந்து இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "பஞ்சு, தகரமா இருக்கறதுதான் குத்தமாம்."

"அந்தம்மா அப்படியா சொன்னாங்க?"

"வெரல நீட்டிக் காட்டுனாங்கறேன்."

"நல்லா இருக்கற தகரத்தப் புடுங்கிட்டு ஓலை போடச் சொல்லுவாங்களா யாராச்சும்?"

"கவர்மெண்டுலா. அவங்களுக்குப் பழசு வேணும். தகரத்துக்கு முந்தி என்ன? அத்தாப்புதானே!"

பஞ்சாலைக்குக் கேண்டீனில் நின்ற கால் வலித்தது. "என்னமோ பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டார். இந்த வாக்கியத்தை மணியம் எப்போதும் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்.

ஓடைக்கு அந்தப்பக்கம் நல்லசாமி இருந்தார். மணியத்தைவிட நாலைந்து வயது மூத்தவர், கம்பத்துக் கோழி என்கிற நாட்டுக்கோழி வளர்க்கிறவர், எதைக் கேட்டாலும் தெரியும் என்கிறவர்.

"அண்ணே, அத்தாப்பு வேயத் தெரியுமா?"

"என்னா தம்பி இப்படிக் கேட்டுப்புட்ட! எங்க தாத்தா அத்தாப்பு வீட்டுலதான் பொறந்தாரு."

அந்தத் தகுதி போதும் என்று மணியத்துக்குத் தோன்றியது. கூலியாக நல்லசாமி கேட்டது, கழற்றுகிற தகரம் முழுவதையும். அவருடைய கோழிக்கொட்டாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு மலாய்க் குடும்பம் இன்னும் அத்தாப்பு தைத்துக்கொண்டிருந்தது. ரும்பியா இலையை நடுவில் மடித்து, பிளந்த மூங்கில் குச்சியில் நெருக்கமாகக் கோத்து, கொடியால் தைத்த கீற்றுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். லோரி வாடகைக்கும் கீற்றுக்கும் சேர்த்து மணியம் தன் சேமிப்பில் பெரிய ஓட்டையைப் போட்டார். தகரம் இறங்கி ஓடையைத் தாண்டிப் போனது. கீற்று ஏறியது.

ஏறிய விதம்தான் விசேஷம். எந்த நல்ல காரியத்தையும் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நல்லசாமி சொன்னதால், முகட்டில் முதல் கீற்றைக் கட்டி, அதன்மேல் அடுத்ததை வைத்து, கீழ்நோக்கி வேய்ந்துகொண்டு வந்தார்கள். பாதிக் கூரை முடிந்தபோது பஞ்சாலை திலாப்பியா மீனைச் சுரண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, இந்த மீனப் பாருங்க. செதிலு எந்தப் பக்கம் பாத்துக் கெடக்கு?"

"வாலப் பாத்துத்தான். இது என்னா கேள்வி?"

"அப்ப தலையிலேர்ந்து தண்ணி ஊத்துனா?"

"வழுக்கிக்கிட்டு வாலுக்குப் போயிரும்."

"வாலுலேர்ந்து ஊத்துனா?"

நல்லசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு மணியத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மீனத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றார் பஞ்சாலை. "மழை பெஞ்சா நேரா என் சோத்துத் தட்டுல வந்து விழும்."

கட்டியதையெல்லாம் அவிழ்த்து, இறவாரத்திலிருந்து மேல்நோக்கி மறுபடி வேய்ந்தார்கள். ஒவ்வொரு கீற்றும் தனக்குக் கீழே இருப்பதன் முதுகை மூடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்லசாமி இதைத்தான் முதலிலிருந்தே தான் சொல்லிவந்ததாகச் சொன்னார்.

முதல் மழை வந்தது. அத்தாப்புக் கூரைக்கு நல்ல செங்குத்துச் சரிவு வேண்டும். விழுந்த தண்ணீர் யோசிக்க நேரமில்லாமல் ஓடிவிட வேண்டும். இது தகரத்துக்காகப் போட்ட சோம்பேறிச் சரிவு. மழைத்தண்ணீர் கீற்றின்மேல் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, எந்த வழி சௌகரியம் என்று ஆலோசித்து உள்ளே இறங்கியது. மழை விட்டதும் மணியம் வெளியே போய் வானத்தைப் பார்த்து, "விட்டுருச்சு பஞ்சு" என்றார்.

"வெளியிலதானே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க இன்னும் விடல."

மறுநாள் நல்லசாமி வந்து வைத்தியம் சொன்னார். "பச்சை ஓலை தம்பி. பொகை காட்டணும். பொகை பட்டாத்தான் இறுகும், பூச்சியும் அண்டாது. அந்தக் காலத்துல ஏன் விறகடுப்பு எரிச்சாங்க?"

"வேற அடுப்பு இல்லாததுனால" என்றார் பஞ்சாலை. "பகல் பூரா ஒரு பேக்டரிக்கே சமைச்சுட்டு வந்து, இங்க ஊதாங்குழல் புடிச்சு ஊதணுமா? பொகை வேணும்னா நீங்களே விடுங்க."

மணியம் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பஞ்சாலை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பழுதுக்கு வந்திருந்த புல்வெட்டி மிஷின்களை வீட்டுக்குள் வரிசையாக நிறுத்தினார். பெட்ரோலில் ஆயிலைத் தாராளமாகக் கலந்தார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் முடுக்கிவிட்டு வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தினார். அத்தாப்பின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் நீலப் புகை மெல்லக் கசிந்து, மரங்களுக்கிடையே மேலெழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து சைக்கிள் ஓட்டிவந்த கூட்டம் ஒன்று எதிர்ப் பாதையில் வந்து நின்றது. காதில் பாட்டு மாட்டியிருந்ததால் மிஷின் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஓலைக்கூரை, காலைப் புகை, வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர். படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. நூறு வருஷம் என்று யாரோ எழுதினார்கள். இன்னொருவர் தன் பங்குக்கு இருபது சேர்த்தார். சந்தைப் பேச்சின் பிறப்பு வரலாறு இவ்வளவுதான்.

அப்புறம் ஞாயிறுதோறும் கார்கள் வந்தன. கல்யாணத்துக்கு முந்திய படம் எடுக்கவும் வந்தார்கள். பட்டுப்புடவையில் தூணைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு மணப்பெண் உருகிப்போய்க் கேட்டாள், "ஆன்ட்டி, நீங்க போனே பாத்ததில்லையா?"

"பாத்துருக்கேம்மா. சார்ஜ்ல கெடக்கு, இரு எடுத்துட்டு வரேன்" என்றார் பஞ்சாலை.

மணியம் சந்தோஷமாக இருந்தார். ஒழுகினால் என்ன? "இவ்ளோ பேரு வந்து கும்புடற வீட்ட இனிமே எவன் இடிப்பான்?" என்றார்.

புவான் நோராய்னி திரும்பி வந்தார். காரிலிருந்து இறங்கியவர் கதவை மூட மறந்து நின்றார். பஞ்சாலைக்கு அன்று லீவு. தேத்தண்ணி தட்டோடு வெளியே வந்தார்.

"மானா அத்தாப்?" என்றார் புவான் மெதுவாக. அத்தாப் எங்கே?

மணியம் பெருமையோடு மேலே காட்டினார். "இனி லா அத்தாப்!" இதுதான் அத்தாப்பு.

"புக்கான். மானா அத்தாப் அசால்?" அதில்லை, அசல் எங்கே?

"இனி லா அசல்! கோலா பிலா அசல்!"

பஞ்சாலை தட்டைக் கீழே வைத்தார். கேண்டீனில் நாள் முழுக்க மலாய்க்காரப் பெண்களோடு நிற்கிறவர் அவர். மலாய் அவர் காதுக்குள் மலாயாகவே போகும்.

"ஏங்க... அவங்க பாஷையில அத்தாப்புன்னா கூரைங்க."

"அத்தாப்புன்னா அத்தாப்புதான்."

"கூரைங்க! ஓலையோ ஓடோ தகரமோ, தலைக்கு மேல இருந்தா அதுக்குப் பேரு அத்தாப். பழைய கூரை அப்படியே இருக்கணும், அப்பத்தான் காப்பாத்த முடியும்னு சொல்லிருக்காங்க. அதத்தான் நீங்க..."

அதற்குமேல் முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். அழுகிறாரோ என்று புவான் பதறிப்போய்க் கிட்டே வந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மணியம் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு ஐந்தாவது மாடிப் பால்கனி தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் புவான் விளக்கினார். அந்தத் தகரம் ஜப்பான் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது. தகட்டுக்குத் தகடு செய்தவன் முத்திரை இருக்கிறது. ஒரு தகடும் மாற்றாமல் முழுக் கூரையாக இப்படி வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். அது இல்லையென்றால் இது நாலு தூண் நிற்கிற கொட்டகை. அடுத்த மாதம் குழு வருகிறது. அதற்குள் கூரை திரும்பி வந்தால் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மணியம் ஓடையைத் தாண்டி ஓடினார். கோழிக்கொட்டாயின் மேல் வெள்ளைக்காரன் முத்திரை வெயிலில் பளபளத்தது.

"குடுத்த கூலியத் திருப்பிக் கேக்குறியா?" என்றார் நல்லசாமி. "வெக்கமா இல்ல?"

"இருக்குண்ணே. இருந்தாலும் குடுங்க."

"இந்தத் தகரம் போட்டப்பறம்தான் கோழி ஒழுங்கா முட்டை போடுது."

"என் பட்டறை போயிரும்ண்ணே." மணியத்தின் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சாவது மாடிக்குப் போயிட்டா, லிஃப்ட்டு கெட்ட அன்னிக்கெல்லாம் நீங்க எங்கிட்டத் தேத்தண்ணி குடிக்க மாடி ஏறித்தான் வரணும்."

நல்லசாமி ஐந்து மாடியையும் மனசுக்குள் ஏறிப் பார்த்தார். முழங்கால் வலித்திருக்க வேண்டும்.

"சரி, எடுத்துக்க. ஆனா எனக்கு ஒரு கூரை நீ போட்டுத் தரணும்."

"இந்த அத்தாப்பயே எடுத்துக்குங்களேன்."

"யாருக்கு வேணும் அது? பாம்பு வந்து குடியேறும்."

பழைய தகரத்தை மறுபடி ஏற்றுவது புதுத் தகரம் போடுவதுபோல் இல்லை. ஒவ்வொரு தகட்டிலும் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. அதது அதனதன் இடத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்டை சட்டத்தின்மேல் விழும். இல்லாவிட்டால் உள்ளேயிருந்து பார்க்க நட்சத்திரம் பூத்த மாதிரி இருக்கும். கழற்றும்போது இருவரும் ஓர் அடையாளமும் போட்டிருக்கவில்லை. ஒரு வாரம் தகடுகளைச் சீட்டு மாதிரி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பஞ்சாலைதான் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வரிசைப்படுத்தினார். "அந்தக் கறுப்பு என் அடுப்புக்கு மேல இருந்தது. சொட்டை விழுந்தது ரம்புத்தான் மரத்தடி. துரு புடிச்சு ஆமை மாதிரி இருக்குல்ல, அது என் கட்டிலுக்கு நேரா. எத்தனை வருஷமா அதயே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

குழு வந்தது, ஏணி ஏறியது, முத்திரையைப் படம் எடுத்தது, தேத்தண்ணி குடித்தது. ஆயாக்கொட்டாய் பதிவாகிவிட்டது. பட்டறை அங்கேயே இருக்கலாம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. அன்று மணியம் ஒரு புல்வெட்டியை வாடிக்கையாளருக்கு இலவசமாகவே சர்வீஸ் செய்து கொடுத்தார் என்று இன்னொரு பேச்சு உலவுகிறது. அதை நம்ப ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு வந்த கார்க்காரர்கள்தான் கொதித்துப்போனார்கள். நூற்றிருபது வருஷத்து அத்தாப்பை இரக்கமில்லாமல் பிய்த்துப்போட்டுத் தகரம் அடித்துவிட்டார்களே என்று பொருமினார்கள். நம் பாரம்பரியம் அழிகிறது என்று எழுதிப் படத்தோடு போட்டார்கள். முற்றத்தில் குவிந்து கிடந்த கீற்றுகளை, இதையாவது காப்பாற்றுவோம் என்று, ஆளுக்கொன்றாகக் காரின்மேல் கட்டிக்கொண்டு போனார்கள். பஞ்சாலை அவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

ஆக, நல்லசாமிக்குக் கொடுக்க மணியத்திடம் இப்போது அத்தாப்பும் இல்லை, தகரமும் இல்லை. கோழிக்கொட்டாயின்மேல் தற்காலிகமாக ஒரு பழைய தேர்தல் பேனரை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். வேட்பாளர் முகம் உள்பக்கமாக விழுந்துவிட்டது.

நல்லசாமி காலையில் தேத்தண்ணிக்கு வந்து பட்டறை வாசலில் உட்காருகிறார்.

"கோழி எப்படி இருக்குண்ணே?"

"எங்க? முட்டையே போட மாட்டேங்குது. மேல ஒருத்தன் கும்புட்டுக்கிட்டுப் பல்லக் காட்டிக்கிட்டே இருக்கான். அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா? தம்பி, என் கூரை..."

மணியம் பக்கத்திலிருந்த மிஷினின் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். அது உடனே பிடித்துக்கொண்டது. நல்லசாமியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.